கார்த்தியே-பிரெசோன் கண்காட்சி: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2014ல் பாரிசில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோனின் வாழ்நாள் படைப்புகளை எல்லாம் ஒன்றாகத் திரட்டி ஒரு கண்காட்சி வைத்தார்கள். அப்போது நான் லா ஷப்பேல் பக்கம் குடியிருந்தேன், அங்கிருந்து நடக்கிற தூரம்தான், மூன்று தடவை போய்ப் பார்த்தேன். அது முடிந்து இத்தனை வருடம் ஆகியும் ஊரிலிருந்து கேமராவும் கையுமாகத் திரிகிற நண்பர்களும், பாரிசுக்குச் சுற்றுலா வருகிற உறவுக்காரர்களும் அதைப் பற்றிக் கேட்பது நிற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

எங்கே நடந்தது, எவ்வளவு பெரியது?

பொம்பிடூ மையத்தில், 2014 பிப்ரவரி 12 முதல் ஜூன் 9 வரை. குழாய்களும் இரும்புச் சட்டங்களும் வெளியே துருத்திக்கொண்டு, சாரத்தைப் பிரிக்க மறந்துவிட்டார்களோ என்று நினைக்க வைக்கிற கட்டடம் அது. ஐந்நூறுக்கு மேற்பட்ட படங்கள், கூடவே அவருடைய ஓவியங்கள், பழைய பத்திரிகைப் பக்கங்கள், அவர் எடுத்த சினிமாத் துண்டுகள் என்று நிறைய இருந்தன. தொகுத்தவர் க்ளெமான் ஷெரூ. பிரெசோன் 2004 ஆகஸ்டில் 95 வயதில் இறந்தார், பத்து வருடம் கழித்து இது. பாரிசில் முடிந்த பிறகு மாட்ரிட், ரோம், மெக்சிகோ நகரம் என்று சுற்றியது.

பெயரை எப்படித்தான் சொல்வது?

எப்படிச் சொன்னாலும் யாருக்கும் புரியாமல் போகாது. பிரெஞ்சுக்காரர்கள் 'ஹென்றி'யில் உள்ள ஹகரத்தை விழுங்கிவிட்டு 'ஆன்ரி' என்பார்கள். முழுப் பெயரையும் ஒவ்வொரு தடவையும் எழுதினால் எனக்கும் உங்களுக்கும் மூச்சு வாங்கும் என்பதால், இனிமேல் வெறும் பிரெசோன்.

சுருக்கமாக, அவர் யார்?

1908ல் பாரிசுக்குப் பக்கத்தில் நூல் தயாரிக்கும் பணக்காரக் குடும்பத்தில் பிறந்து, 'ஆலையைப் பார்த்துக்கொள்' என்ற வீட்டாரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு ஓவியம் படிக்கப் போனவர். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டுக்குப் போய் விஷக்காய்ச்சலில் சாகக் கிடந்து பிழைத்துத் திரும்பினார். அதற்கப்புறம் கையில் லைக்கா கேமராவோடு ஸ்பெயின், இத்தாலி, மெக்சிகோ. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாகி, இரண்டு தடவை தப்பிக்கப் பார்த்து மாட்டிக்கொண்டு, மூன்றாவது முயற்சியில் 1943ல் தப்பினார். சிறைப்படுவதற்கு முன் மண்ணில் புதைத்து வைத்திருந்த கேமராவைப் பிறகு தோண்டி எடுத்துக்கொண்டார். 1947ல் ராபர்ட் கப்பா, டேவிட் சீமோர், ஜார்ஜ் ராட்ஜர் முதலியவர்களோடு சேர்ந்து மேக்னம் என்ற புகைப்படக்காரர் கூட்டுறவைத் தொடங்கினார். அதிலிருந்து சுமார் கால் நூற்றாண்டு உலகம் பூராவும் சுற்றிப் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துவிட்டு, 1970களின் தொடக்கத்தில் போதும் என்று கேமராவைக் கீழே வைத்தார்.

இந்த மாதிரி ஒருவரின் மொத்த வேலையையும் காட்டுகிற கண்காட்சி அவருக்கு இதுதான் முதலா?

இல்லவே இல்லை. முதலாவது நடந்த கதைதான் வேடிக்கை. போர் முடிகிற சமயத்தில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருந்தவர்கள், பிரெசோன் போரில் இறந்துவிட்டார் என்று நினைத்து அஞ்சலிக் கண்காட்சிக்கு வேலையைத் தொடங்கிவிட்டார்கள். ஆள் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி அப்புறம்தான் போகிறது. மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. நானே தேர்ந்தெடுத்துத் தருகிறேன் என்று தன் நெகட்டிவ்களிலிருந்து சின்னச் சின்ன பிரின்ட்டுகளாகப் போட்டு, நியூயார்க்குக்கு எடுத்துப்போய், அங்கே ஒரு ஆல்பம் வாங்கி அதில் வரிசையாக ஒட்டிக் கொடுத்தார். 1947 பிப்ரவரியில் தன்னுடைய 'இறப்புக்குப் பிந்தைய' கண்காட்சியைத் தானே போய்ப் பார்த்தார், அப்போது அவருக்கு வயது 38. தன் கருமாதிச் சாப்பாட்டில் தானே பந்தியில் உட்கார்ந்த ஆள் என்று என் மாமா சொல்வார்.

அதன் பிறகு 1955ல் பாரிசில் லூவர் வளாகத்திலேயே ஒன்று, 2003ல் பிரெஞ்சு தேசிய நூலகத்தில் ஒன்று, 2010ல் மறுபடியும் நியூயார்க்கில் சுமார் முந்நூறு படங்களோடு ஒன்று.

அப்படியானால் 2014ல் புதிதாக என்ன இருந்தது?

முன்பெல்லாம் பிரெசோன் என்றால் ஒரே ஆள், ஒரே பாணி, எல்லாப் படமும் ஒரே அளவில், ஒரே சாம்பல் நிறத்தில், கறுப்பு விளிம்போடு. அவர் கடைசிக் காலத்தில் மேற்பார்வை பார்த்துப் போட்ட பிரின்ட்டுகள் அப்படித்தான் இருக்கும். 1932ல் எடுத்ததும் 1962ல் எடுத்ததும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கினால் முந்தாநாள் எடுத்தவை போலத் தெரியும். ஷெரூ அதை உடைத்தார். முடிந்த இடத்திலெல்லாம் எந்த வருடம் எடுத்த படமோ அந்தக் காலத்திலேயே போட்ட பிரின்ட்டைத் தேடி எடுத்துக் கால வரிசையில் மாட்டினார். அவர் கணக்கில் பிரெசோன் மூன்று பேர். 1926லிருந்து 1935 வரை, கனவையும் விசித்திரத்தையும் கலையாக்கிய சர்ரியலிஸ்டுகளோடு சுற்றிய இளைஞர், 1936லிருந்து 1946 வரை இடதுசாரிப் பத்திரிகைகளுக்கும் சினிமாவுக்கும் வேலை செய்த அரசியல் மனிதர், 1947க்குப் பிறகு உலகம் சுற்றும் மேக்னம் நிருபர்.

மூன்று என்பது கொஞ்சம் கறாரான கணக்கு என்று எனக்குப் பட்டது. ஆனால் அந்த நடுவில் உள்ள ஆளைப் பற்றி நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

எல்லாப் படமும் செல்போனிலேயே கிடைக்கிறதே, டிக்கெட் வாங்கி எதற்குப் போய்ப் பார்க்க வேண்டும்?

நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். என் மாமா திருவண்ணாமலையில் தேரடிப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தார். பள்ளி விடுமுறைகளில் அவருடைய இருட்டறையில் ஹைப்போ வாசனையோடு வளர்ந்தவன் நான், ஆகவே பிரின்ட் என்றால் என்னவென்று தெரியும் என்ற மிதப்பு வேறு. உள்ளே போனால் முதல் அறைகளில் பல படங்கள் உள்ளங்கை அளவுதான். குனிந்து, மூக்கு கண்ணாடியில் இடிக்கிற மாதிரி பார்க்க வேண்டும். ஓரம் கொஞ்சம் மஞ்சளாகி, மூலை மடங்கி, யாரோ ஒருவரின் சட்டைப்பையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்தது போல. செல்போனில் எல்லாம் ஒரே சைஸ், எல்லாம் பளபளப்பு. இங்கே ஒரு படம் கடிதத்தோடு வைத்து அனுப்பக்கூடிய பொருள், இன்னொன்று பத்திரிகை ஆபீசில் மேஜைக்கு மேஜை போய்வந்த பொருள் என்று பார்த்தவுடன் தெரிகிறது.

பத்திரிகைகளுக்குப் போன பிரின்ட்டுகளின் பின்பக்கம் ரப்பர் ஸ்டாம்பும் டைப் அடித்த குறிப்பும் இருக்கும். படத்துக்கு அடியில் எழுதும் வரியை மாற்றி அர்த்தத்தைத் திருப்பிவிடக் கூடாது என்பதில் அவர் பிடிவாதக்காரர். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, வாட்சப்பில் வருகிற 'பழைய அரிய படம்' எதைப் பார்த்தாலும் இதன் பின்பக்கம் என்ன எழுதியிருந்திருக்கும் என்றுதான் மனசு போகிறது.

அந்தத் தண்ணீரைத் தாண்டுகிற மனிதர் படம், அதை வெட்டித்தான் சரிசெய்தாராமே? பிரெசோன் படத்தை வெட்டவே மாட்டார் என்பார்களே?

இரண்டும் உண்மை. 1932, பாரிசில் சென்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால். பலகை வேலி ஒன்றின் இடுக்கில் லென்சை நுழைத்து எடுத்த படம். லென்ஸ் முழுதாக நுழையவில்லை, இடது பக்கம் வேலி வந்து விழுந்துவிட்டது, அதனால் அந்தப் பகுதியை வெட்டினார். எதை எடுத்தேனோ அதை முழுதாகப் போட வேண்டும், ஒரு நூல்கூடக் குறையக் கூடாது என்று பிற்பாடு சட்டமாகவே வைத்துக்கொண்ட ஆளின் மிகப் பிரபலமான படம், அவரே வெட்டிய மிகச் சில படங்களில் ஒன்று!

படத்தின் முன்னால் நின்று பாருங்கள், மெதுவாக. ஆள் ஒரு ஏணியிலிருந்து தாவியிருக்கிறார், அந்த ஏணி தண்ணீரில் படுத்துக் கிடக்கிறது. குதிகால் தண்ணீரைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. பின்னால் சுவரில் ஒட்டிய சுவரொட்டியில் ஒரு நடனக்காரர் இதே மாதிரி, ஆனால் எதிர்த்திசையில் தாவிக்கொண்டிருக்கிறார், அவருடைய நிழலும் தண்ணீரில். ஏணிக்குப் பக்கத்தில் உடைந்த இரும்பு வளையங்கள், அந்த வளைவுகளும் தண்ணீரில் எதிரொலித்து வட்டமாகின்றன. தூரத்தில் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இங்கே நடப்பது எதுவும் தெரியாமல் நிற்கிறார். மூன்றாவது தடவை போனபோதுதான் இவரைக் கவனித்தேன். இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் தாவுகிறவரை விட்டுவிட்டு அவரைத்தான் பார்க்கிறேன்.

இன்னொன்று, போருக்கு முன்னால் அவர் தன் நெகட்டிவ்களை எல்லாம் எடுத்துப் பார்த்து, வேண்டாதவற்றை அழித்து, வேண்டியதைத் தனித்தனித் துண்டாக வெட்டி வைத்துக்கொண்டார். அதனால் இந்தப் படத்துக்கு முந்தியும் பிந்தியும் என்ன எடுத்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. மாமாவிடம் சொன்னேன், "நெகட்டிவ்வையா வெட்டினான்?" என்று பதறிப்போனார்.

'தீர்மானமான கணம்' என்பதுதானே அவருடைய தத்துவம்?

அது அவருடைய புத்தகத்தின் ஆங்கிலத் தலைப்பு. 1952ல் அந்தப் புத்தகம் வந்தபோது அட்டைக்கு ஓவியர் மத்தீஸ் வரைந்து கொடுத்தார். முன்னுரைக்கு மேலே கார்தினால் த ரெத்ஸ் என்ற பழைய பிரெஞ்சுக்காரரின் வாக்கியம் ஒன்றைப் போட்டிருந்தார், தீர்மானமான கணம் இல்லாத விஷயம் உலகில் இல்லை என்ற பொருளில். அமெரிக்கப் பதிப்புக்கு அதிலிருந்து தலைப்பை உருவினார்கள். பிரெஞ்சுத் தலைப்பு வேறு. அதில் வரும் 'சோவெத்' என்ற சொல்லைத் தமிழில் சொல்வதென்றால், பிளாட்பாரத்தில் துணியை விரித்துக் கடை போட்டுவிட்டு, போலீஸ் வருகிறது என்றதும் நாலு மூலையையும் சேர்த்து மூட்டையாகத் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த வியாபாரம். அவசர அவசரமாக, கண்ணில் படாமல் எடுத்த படங்கள் என்று அர்த்தம்.

பாருங்கள், ஒன்று ஞானியின் தலைப்பு, இன்னொன்று நடைபாதைக்காரனின் தலைப்பு. உலகம் ஞானியைப் பிடித்துக்கொண்டது. அதனால் ஊரில் கேமரா வாங்குகிற ஒவ்வொரு பையனும் ஒரு நொடிக்காகக் காத்திருக்கிறான். கண்காட்சியில் எனக்குத் தெரிந்ததோ நொடி அல்ல, மாதங்கள். ஒரு ஊரில் பத்து மாதம், ஒரு கண்டத்தில் மூன்று வருடம். காலையிலிருந்து ராத்திரி வரை நடை. நம் பையன்களுக்கு இதைச் சொன்னால் பிடிக்காது, நொடி என்றால் நாளைக்கே கிடைத்துவிடும் என்று நம்பலாம் இல்லையா.

அவர் கம்யூனிஸ்டா?

முப்பதுகளில் அந்தப் பக்கம்தான் நின்றார். பாரிசில் 1937ல் தொடங்கிய 'சே சுவார்' என்ற கட்சி சார்பு மாலைப் பத்திரிகையில் கப்பாவோடும் சீமோரோடும் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். அந்த வருடம் லண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டு விழா. அனுப்பியது விழாவைப் படம் எடுக்க. பிரெசோன் மன்னருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை எடுத்தார். முந்தின ராத்திரியே இடம் பிடித்துக் காத்திருந்து, களைத்துப்போய்த் தரையில் செய்தித்தாள் குப்பைக்குள் தூங்கிவிட்ட ஒரு ஆள், அவருக்குப் பின்னால் மதில் மேல் வரிசையாக உட்கார்ந்து ஊர்வலத்தைப் பார்க்கும் ஜனங்கள். நம் ஊர்த் தீபத்துக்கு வந்து, மலையில் தீபம் ஏற்றுகிற நேரத்தில் தூங்கிப்போகிற தாத்தாக்களை நான் பார்த்திருக்கிறேன், அதே தூக்கம்.

போர் முடிந்ததும் கைதிகள் வீடு திரும்புவதைப் பற்றி ஒரு சினிமா எடுத்தார். 1945, ஜெர்மனியில் தெசாவ் முகாம். நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோவுக்கு ஆள் காட்டிக்கொடுத்த பெண்ணை இன்னொரு பெண் அடையாளம் கண்டுகொள்கிற இடம். படத்தில் காட்டிக்கொடுத்தவள் தலை குனிந்து நிற்கிறாள். மற்றவள் முகம் கோணி, பல்லைக் கடித்துக்கொண்டு, கை ஓங்குவதற்கு முந்திய நிலையில். மேஜையில் விசாரிக்கிற ஆள் எழுதுகோலோடு உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் கூட்டம், அதில் கோடு போட்ட கைதி உடுப்பில் ஒருவர். இதே காட்சி அந்தச் சினிமாவிலும் ஓடுகிறது. சினிமாவில் சட்டென்று நடந்து முடிந்துவிடுகிறது, படத்தில் அவள் இன்னும் அடித்து முடிக்கவில்லை.

பிறகு ஏன் ஊர் ஊராகச் சுற்றினார்?

மேக்னம் தொடங்கினபோது உலகத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், கிட்டத்தட்ட அண்ணன் தம்பிகள் வயல் பிரிக்கிற மாதிரி. சீமோருக்கு ஐரோப்பா, ராட்ஜருக்கு ஆப்பிரிக்காவும் மத்தியக் கிழக்கும், பிரெசோனுக்கு ஆசியா. அவருடைய அப்போதைய மனைவி ரத்னா மோகினி ஜாவாவைச் சேர்ந்த நடனக் கலைஞர், அதுவும் ஒரு காரணம். நியூயார்க் கண்காட்சி முடிந்த வருடமே இந்தியாவுக்கு வந்துவிட்டார். பிரிவினை அகதிகள், காஷ்மீர், காந்தி, பிறகு பர்மா, சீனா, இந்தோனேசியா, திரும்ப இந்தியா. எடுத்த ஃபிலிம் ரோல்களை அப்படியே கப்பலிலோ விமானத்திலோ அனுப்பிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார், தான் எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்று மாதக்கணக்கில் தெரியாது.

காந்தியின் கடைசி நாளில் அங்கேயே இருந்தாராமே?

இருந்தார். அந்த அறையில்தான் நான் அதிக நேரம் நின்றேன்.

1948 ஜனவரி கடைசி வாரம். உண்ணாவிரதம் முடித்த உடம்போடு காந்தி 27ஆம் தேதி மெஹ்ரோலி தர்காவுக்குப் போனதைப் பிரெசோன் படம் எடுத்திருக்கிறார். 30ஆம் தேதி பிற்பகல் பிர்லா மாளிகைக்குப் போய் காந்தியை நேரில் பார்த்து, தன் நியூயார்க் கண்காட்சியின் புத்தகத்தைக் கொடுத்தார். மேலே சொன்ன அதே 'இறப்புக்குப் பிந்தைய' கண்காட்சியின் புத்தகம். காந்தி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு படத்தில் நின்றாராம். போல் க்ளோதெல் என்ற கவிஞர் தெருவில் நடக்கிறார், பக்கத்தில் ஒரு சவ வண்டி. இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவிட்டு, மரணம், மரணம், மரணம் என்று மூன்று தடவை சொன்னாராம். இது பிரெசோன் பிற்பாடு சொன்ன கதை. நடந்த பிறகு சொல்லப்படும் கதைகளுக்கு ஒரு மெருகு ஏறிவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் அங்கே போனதும், கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி கேட்டுத் திரும்பி ஓடிவந்ததும் நடந்தவை.

அன்றிரவு நேரு வெளிவாசலுக்கு வந்து கூட்டத்துக்குச் செய்தியைச் சொல்கிற படத்தைப் பார்த்திருப்பீர்கள். தொழில் ரீதியாகப் பார்த்தால் அது 'வேஸ்ட்' படம். ஆட்டம், மங்கல், ஒரு விளக்கின் வெளிச்சம் வெள்ளையாகப் பொங்கி வழிகிறது, முகங்கள் பாதி இருட்டில். மாமா ஸ்டுடியோவாக இருந்தால் வாடிக்கையாளர் கண்ணில் காட்டாமல் கிழித்துப் போட்டிருப்பார். ஆனால் அந்த ராத்திரி அந்த வாசலில் நின்ற யாருக்கும் எதுவும் தெளிவாகத் தெரிந்திருக்காது, படமும் அப்படியே இருக்கிறது.

அதே நாளில் டெல்லியில் இன்னொரு பெரிய ஆளும் இருந்தார், லைஃப் பத்திரிகையின் மார்கரெட் போர்க்-வைட். காந்தி ராட்டை முன்னால் உட்கார்ந்திருக்கிற உலகப் புகழ்பெற்ற படம் அவர் எடுத்ததுதான். அவரும் அன்றைக்குக் காந்தியைப் பேட்டி கண்டிருந்தார். உடல் கிடத்தியிருந்த அறையில் பளிச்சென்று ஃப்ளாஷ் அடித்துவிட்டார், துக்க வீட்டில் இருந்தவர்கள் கொதித்துப்போய் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். பிரெசோன் ஃப்ளாஷ் பயன்படுத்துகிற பழக்கமே இல்லாதவர். போர்க்-வைட்டை இதற்காகத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் சேர மாட்டேன். அவருடைய பெரிய கேமராவுக்கு அந்த வெளிச்சம் போதாது, வேலை அப்படி.

ஷாங்காய் படம் என்கிறார்களே, அது என்ன?

1948 டிசம்பர். சீனாவில் குவோமின்டாங் ஆட்சி சரிந்துகொண்டிருக்கிறது, காகிதப் பணம் வெறும் காகிதமாகிவிட்டது. ஆளுக்கு 40 கிராம் தங்கம் தருகிறோம் என்று அரசு அறிவித்ததும் வங்கி வாசலில் ஆயிரக்கணக்கில் கூட்டம். அந்த நெரிசலில் பத்துப் பேர் நசுங்கி இறந்தார்கள். படத்தில் வங்கியும் தெரியாது, தங்கமும் தெரியாது. வரிசை விட்டுப்போய்விடக் கூடாது என்று முன்னால் நிற்பவரை இறுக்கக் கட்டிக்கொண்டிருக்கிற உடம்புகள் மட்டும், ஒரு ஆளின் கை எங்கே முடிகிறது, அடுத்தவர் கழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரிக்க முடியாது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்றவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத படம். இரண்டு வாரத்துக்கென்று சீனாவுக்குப் போனவர் பத்து மாதம் தங்கிவிட்டார்.

தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறாரா?

வந்திருக்கிறார். என் ஊருக்கே வந்திருக்கிறார்!

1950 ஏப்ரலில் ரமண மகரிஷி உடல் மிகவும் தளர்ந்து கிடந்த நாட்களில் பிரெசோனும் ரத்னாவும் திருவண்ணாமலையில் இருந்தார்கள். அவர் எடுத்த ரமணர் படங்கள் ஆசிரம வெளியீடுகளில் வந்திருக்கின்றன. ஏப்ரல் 14 இரவு வானத்தில் ஒரு நட்சத்திரம் வாலோடு மெதுவாக நகர்ந்து அருணாசலத்துக்குப் பின்னால் போய் மறைந்ததைப் பார்த்ததாகவும், உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது மணி 8.47 என்றும் அவர் சொல்லியிருக்கிறார். ரமணர் உயிர் பிரிந்த நேரம் அது. எங்கள் ஊரில் இந்த 8.47 பற்றித் தெரியாதவர் குறைவு, ஆனால் அந்த வெள்ளைக்காரர் யார் என்று கேட்டால் பாதிப்பேருக்குத் தெரியாது. எனக்கே பாரிஸ் வந்த பிறகுதான் அவரும் இவரும் ஒருவர் என்று உறைத்தது.

அங்கிருந்து பாண்டிச்சேரி. அதே மாதம் 24ஆம் தேதி தரிசன நாளை ஒட்டி அரவிந்தரைப் படம் எடுத்தார். பல ஆண்டுகளாகத் தன்னைப் படம் எடுக்கவே விடாமல் இருந்தவர் அரவிந்தர், அந்த டிசம்பரில் காலமானார். அன்னையையும் எடுத்தார். மதுரையிலும் எடுத்தார், அதற்கு அடுத்த கேள்வியில் வருகிறேன்.

எல்லாம் சரி, நம் வறுமையைப் படம் பிடித்து வெளிநாட்டில் விற்றவர்தானே?

இந்தக் கேள்வியைக் கோபமாகக் கேட்கிறவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. 1950ல் மதுரையில் அவர் எடுத்த படம் ஒன்றில் எலும்பும் தோலுமான ஒரு குழந்தை, தாயின் கை, பின்னால் வண்டிச் சக்கரம். சக்கரத்தின் ஆரங்களும் குழந்தையின் விலா எலும்புகளும் ஒன்றுக்கொன்று பதில் சொல்கிற மாதிரி அமைப்பு. அமைப்பு அவ்வளவு அழகாக இருப்பதுதான் எனக்குத் தொந்தரவு. பசித்த குழந்தையைப் பார்க்கும்போது சக்கரத்தின் வட்டம் ஒருவர் கண்ணில் படுகிறது என்றால் அது என்ன கண் என்று தோன்றும். அதே சமயம், மன்னருக்கு முதுகு காட்டிய ஆளும் இவர்தான், சொந்த ஊர்க்காரர்களையும் இதே கண்ணால்தான் பார்த்தார். 1938ல் எடுத்த படத்தில் ஆற்றங்கரையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற தொழிலாளிக் குடும்பம் பருத்த முதுகும் கடித்த எலும்புமாகத்தான் இருக்கிறது. எனக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. அந்த மதுரைப் படத்தை மட்டும் என் வீட்டுச் சுவரில் மாட்ட மாட்டேன்.

என்ன கேமரா? என்ன லென்ஸ்?

லைக்கா, பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ். பளபளக்கிற இடத்திலெல்லாம் கறுப்பு டேப் ஒட்டிவிடுவார். இதைத் தெரிந்துகொண்டு லைக்கா வாங்கி, அதற்குக் கறுப்பு டேப்பும் ஒட்டிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு, படங்கள் முன்பு போலத்தான் வருகின்றன.

கலரில் எடுக்கவே இல்லையா?

பத்திரிகைக்காரர்கள் கேட்டால் எடுத்துக் கொடுத்தார். தன் கணக்கில் சேர்க்கவில்லை.

கண்காட்சியில் உங்களுக்குப் பிடிக்காதது எதுவும் உண்டா?

ஐந்நூறு படம் அதிகம். கல்யாண விருந்தில் இலை நிறையப் பரிமாறிவிட்டு எதைச் சாப்பிடுவது என்று திகைக்க வைப்பார்களே, அந்த மாதிரி. முதல் தடவை பாதியில் கண் மரத்துப்போய், மாஸ்கோ வந்தபோது எனக்கு எல்லா முகமும் ஒரே முகம். 1954ல், ஸ்டாலின் இறந்த பிறகு உள்ளே போய் எடுத்த மிக அருமையான படங்கள் அவை, அவற்றுக்காகவே இரண்டாம் தடவை போனேன். இந்த மாதிரி பெரிய கண்காட்சி எதற்குப் போனாலும் முதலில் நிற்காமல் கடைசி வரை ஒரு நடை நடந்துவிட்டு, பிடித்த இரண்டு அறைக்கு மட்டும் திரும்பி வாருங்கள். குழந்தைகளைக் கூட்டிப்போனால் அவர்களை முன்னால் விட்டுவிடுங்கள், அவர்கள் நாய் இருக்கிற படத்தில் நிற்பார்கள், பெரும்பாலும் அது நல்ல படமாகவே இருக்கும்.

கடைசி அறையில் என்ன இருந்தது?

பென்சில் கோட்டோவியங்கள். கேமராவைக் கீழே வைத்த பிறகு முப்பது வருடம் வரைந்துகொண்டிருந்தார், புகைப்படத்தைப் பற்றிக் கேட்டால் எரிச்சல்படுவார். ஓவியங்கள் சுமார்தான். அதை அவரிடம் சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும்.

இப்போது பாரிஸ் வந்தால் எங்கே பார்க்கலாம்?

பொம்பிடூ மையம் 2025ல் புதுப்பிப்பு வேலைக்காக மூடிவிட்டது, 2030ல்தான் திறப்பதாகத் திட்டம். அவர் பெயரில் உள்ள அறக்கட்டளை மரே பகுதியில், ஆர்ஷீவ் தெரு 79ஆம் எண்ணில் இருக்கிறது. 2003ல் அவரும் மனைவி மார்த்தின் ஃப்ராங்கும் மகளும் தொடங்கியது, முதலில் மோன்பர்னாசில் இருந்தது, 2018ல் இங்கே மாறினார்கள். சின்ன இடம். எப்போதும் அவருடைய படமே இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள், மற்றவர்களின் கண்காட்சிகளும் நடக்கும், கிளம்பும் முன் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

உங்கள் மாமா அந்தப் படங்களைப் பார்த்தாரா?

புத்தகத்தில் பார்த்தார். கண்காட்சிப் புத்தகம் ஒன்றை ஊருக்குப் போகும்போது தூக்கிக்கொண்டு போனேன், பெட்டியில் பாதி எடை அதுதான். திண்ணையில் உட்கார்ந்து ஒரு மத்தியானம் பூரா புரட்டினார். காந்தி பற்றியோ ஷாங்காய் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், "இவருக்கு பிரின்ட் போட்டது யாருப்பா?" என்றார். பிரெசோன் பிற்காலத்தில் இருட்டறைப் பக்கமே போகவில்லை, பாரிசில் பிக்தோ என்ற லேபில்தான் போடுவார்கள், அங்கே யுகோஸ்லாவியாவிலிருந்து வந்த வோயா மித்ரோவிச் என்பவர் பல வருடம் அவருக்குப் பிரின்ட் போட்டார் என்றேன். மாமா அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.